ஈரப் பாவாடை

பேர் சொல்ல மாட்டேன். பயந்துகிட்டு இல்ல. பேர் சொல்லிப் பேசற அளவுக்கு அந்தப் பொம்பளைக்கு மரியாதை குடுக்க நான் இன்னும் தயாரா இல்ல, அவ்வளவுதான். தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக் கடை. அதுல ரெண்டாவது மாடி, பட்டு செக்‌ஷன். நாங்க பதினாறு பேர் சேல்ஸ் கேர்ள்ஸ். பதினாறு பேருக்கும் சூப்பர்வைசர் அவங்கதான். கடைக்குப் பின்னாடி சந்துல எங்களுக்கு ஹாஸ்டல், அதுக்கும் பொறுப்பு அவங்கதான், தங்கறதும் எங்களோடதான். எல்லாரும் அக்கான்னு கூப்பிடுவோம். நான் சொல்லும்போது 'அவங்க'ன்னும் வரும், 'அவ'ன்னும் வரும். கோவம் ஏற ஏற மரியாதை இறங்கும், கண்டுக்காதீங்க.

ஆள் நல்ல கனம். அம்பது வயசு இருக்கும். சர்க்கரை உண்டு. அந்த மாத்திரையக்கூட எங்க முன்னாடி போட மாட்டாங்க, ஹேண்ட்பேக்க எடுத்துகிட்டு பாத்ரூமுக்குப் போய் முழுங்கிட்டு வருவாங்க. கஸ்டமர்கிட்ட, "வாங்கம்மா, உக்காருங்கம்மா, முகூர்த்தப் பட்டா?"ன்னு தேன் ஒழுகும். அப்படியே கழுத்த மட்டும் இந்தப் பக்கம் திருப்பி, "இன்னாடி நின்னுகினு கீற, எடுத்துப் போடுடி"ன்னு பல்லக் கடிச்சுகிட்டு சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே வாய்தான்.

அவங்க சாமி மந்திரம் மாதிரி ஒண்ணு சொல்லுவாங்க. "கண்ணுல படக்கூடாதுடி." வேர்வை கஸ்டமர் கண்ணுல படக்கூடாது. நாங்க சாப்பிடறது கண்ணுல படக்கூடாது. கால் வலிக்குதுன்னு ஒரு நிமிஷம் கோடவுன் படியில உக்காந்தா அது முதலாளி கண்ணுல படக்கூடாது. ஒரு ஆடித் தள்ளுபடி சமயம், காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்காம நின்ன பொண்ணு ஒருத்தி கவுன்டருக்குப் பின்னாடி பொத்துனு விழுந்துட்டா. அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? கையில கெடச்ச ஒரு கடுகு கலர் பட்ட உதறி, ரெண்டு கையாலயும் அகலமா விரிச்சுப் பிடிச்சு, "இந்த முந்தானையப் பாருங்கம்மா, என்னா ரிச்சா கீது"ன்னு நின்னாங்க. அந்தப் பட்டுக்குப் பின்னாடி நாங்க ரெண்டு பேர் அவள இழுத்துட்டுப் போனோம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. இவங்க முழு ஆளையே சேலையில மறைச்சாங்க. அந்தச் சேலையும் வித்துப் போச்சு, அதச் சொல்லணும்.

அப்ப நாங்க சிரிச்சோம். என்ன சாமர்த்தியம்னு ஹாஸ்டல்ல நடிச்சுக் காட்டி உருண்டோம். அந்தச் சாமர்த்தியம் நம்ம மேலயே பாயும்னு யாருக்குத் தெரியும்.

கடையில ஏசி கஸ்டமருக்குத்தான். காலையில நாங்க போய் தூசி தட்டி அடுக்கறப்பவும் கிடையாது, கடை மூடி விரிச்ச சேலையெல்லாம் மடிக்கறப்பவும் கிடையாது. எங்களுக்கு யூனிஃபார்ம் சேலை, பாலியஸ்டர். உள்ள மெரூன் கலர் பாவாடை, அதுவும் கடை ஸ்டாக்ல இருந்துதான். நாள் பூரா குனிஞ்சு நிமிந்து சேலை நழுவக் கூடாதுன்னு நாடாவ இறுக்கி இறுக்கிக் கட்டுவோம். வேர்வை முதுகுல வழிஞ்சு நேரா அந்த நாடாவுல போய் நிக்கும். பன்னெண்டு மணி நேரம் அங்கயே ஊறும்.

துவைச்சுப் போட்டுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. துவைச்சோம். எங்க காயப் போடறது? ஹாஸ்டலுக்கு நல்ல பெரிய மொட்டை மாடி இருந்துச்சு. வெயில் தீயா அடிக்கும், வடாம் போட்டா மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம். ஆனா எதிர்ல அடுக்குமாடி வீடுங்க, பால்கனி பால்கனியா. அதனால அக்கா சட்டம், சேலையும் ரவிக்கையும்தான் மாடிக்குப் போகும். பாவாடை, உள்ளாடை எல்லாம் பாத்ரூமுக்கு முன்னாடி இருக்கற நடையில, கயித்துல. "பொம்பள உள்பாவாடைய ஊர் பாக்க காயப் போடுவாளாடி?" அந்த நடையில ஜன்னல் கிடையாது, மேல ஒரு அழுக்கு ட்யூப்லைட்தான். பதினாறு பாவாடை, அக்காவோடதும் சேத்து பதினேழு, எல்லாம் ஒரே மெரூன், ஒண்ணு மேல ஒண்ணு தொங்கும். காலையில யார் கைக்கு எது வருதோ அது அவங்களுது. தொட்டா சில்லுனு இருக்கும். "காயலக்கா"ன்னு சொன்னா, "கட்டினா காஞ்சிடும்டி, உடம்பு சூடு எதுக்கு கீது?"

எங்க வீட்லயும் அம்மா பாவாடைய சேலைக்கு அடியிலதான் காயப் போடுவா. அதனால எனக்கு அது தப்பாவே தெரியல. இத ஒத்துக்கணும்.

எனக்கு மொதல்ல இடுப்புல நாடா பதியற எடத்துல வந்துச்சு. ஒரு ரூபா அளவு வட்டம், ஓரம் மட்டும் செவப்பு. படர்தாமரைதான், வேற என்ன. பக்கத்துக் கட்டில் பானுவுக்குத் தொடையில. அப்பறம் ஒவ்வொருத்தியா. அக்காகிட்ட சொன்னோம். ஹேண்ட்பேக்ல இருந்து ஒரு சின்ன ட்யூப் எடுத்துக் குடுத்தாங்க. மெடிக்கல் ஷாப்ல சீட்டே இல்லாம குடுப்பாங்களாம். "தடவு. மூணு நாள்ல மறைஞ்சிடும்."

மறைஞ்சுதுங்க! சத்தியமா மூணே நாள். அக்காவுக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டேன். பத்து நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு, ஒரு வட்டம் போன எடத்துல மூணு. திரும்ப ட்யூப். திரும்ப மறைஞ்சு, திரும்ப வந்து, இப்படியே ஏழெட்டு மாசம். அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. கஸ்டமர் முன்னாடி கை இடுப்புக்குப் போச்சுன்னா பின்னாடி இருந்து அக்கா முழங்கைக்கு மேல கிள்ளுவாங்க, மூஞ்சியில சிரிப்பு மாறாது. அந்தக் கிள்ளு நகக்குறி ரெண்டு நாள் இருக்கும்.

அப்பறம்தான் அந்தக் கல்யாணப் பார்ட்டி வந்துச்சு. பொண்ணுக்கு நான் சேலைய தோள்ல வெச்சுக் காட்டிகிட்டு இருக்கேன். என் மணிக்கட்டுல, வளையலுக்குக் கீழ ஒரு வட்டம். பொண்ணோட அம்மா பாத்துட்டு, "ஐயையோ, என்னது இது, தொடாத என் பொண்ண!"ன்னு ஒரு கத்து. மாடி பூரா திரும்பிப் பாத்துச்சு. நான் அக்காவப் பாத்தேன். ஏதாவது சொல்லி காப்பாத்துவாங்கன்னு பாத்தேன், அவங்களுக்குத் தெரியாததா?

"எவ்ளோ சொன்னாலும் குளிக்க மாட்டாம்மா இவ. சுத்தமே கிடையாது. தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி.

அன்னைக்கே என்ன கீழ கோடவுனுக்கு மாத்தியாச்சு, கசங்கின சேலைய இஸ்திரி போடற வேலைக்கு. ஹாஸ்டல்ல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதோட விட்டிருந்தாக்கூட நான் விட்டிருப்பேன். தென்காசியில இருக்கற எங்கம்மாவுக்குப் போன் போட்டிருக்கா. "உங்க பொண்ணுக்குத் தோல் வியாதி. கெட்ட சகவாசமோ இன்னாவோ, நான் சொல்லக்கூடாது, நீங்களே கேட்டுக்கோங்க"ன்னு.

மறுநாள் அம்மா கூப்பிட்டா. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஒண்ணும் இல்ல. எடுத்த எடுப்புல, "ஏட்டி, என்கிட்ட உண்மையச் சொல்லு. எவன்கூடயும் போனியா?"

என்னப் பெத்தவ கேக்கறா. சத்தியம் பண்ணேன், அழுதேன். நம்பினாளா நம்பலையான்னு தெரியல. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் போன்ல மழை பெஞ்சுதா, ஆடு குட்டி போட்டுச்சான்னு மட்டும்தான் பேசினோம். அந்த இஸ்திரிப் பெட்டிக்கு முன்னாடி நின்னு நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த அக்காவுக்கு நான் ஏதாவது பண்ணணும். பெருசா, அவ தாங்க முடியாத மாதிரி. என்ன பண்ணணும்னு தெரியல, பண்ணணும்னு மட்டும் தெரிஞ்சுது.

வார லீவு அன்னைக்கு நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் ஒரு அம்மா. இடுப்பையும் நான் கொண்டு போன ட்யூபையும் பாத்துட்டு மொதல்ல கேட்டது, "எந்த மடையன் இந்த ட்யூப குடுத்தான்?" மேல செவப்ப அமுக்கிடுமாம், உள்ள நல்லா பரவ விட்டுடுமாம். தொடையில தோல் கோடு கோடா வெடிச்சிருந்துச்சு, "இந்தக் கோடு இனிமே போகாதும்மா"ன்னு சொன்னாங்க. வேர்வை, இறுக்கமான துணி, ஈரத் துணி, ஒருத்தர் துணிய ஒருத்தர் கட்டறது, எல்லாம் கேட்டுக் கேட்டு நான் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். "வெயில்ல காயப் போடு, இல்லன்னா இஸ்திரி போட்டுக் கட்டு. மாத்திரைய சொன்ன நாள் வரைக்கும் விடாம போடு. கூட இருக்கறவங்களையும் கூட்டிட்டு வா, இல்லன்னா உனக்குத் திரும்ப வரும்."

நான் கேட்டேன், "அழுக்கா இருந்ததால வந்துச்சா டாக்டர்?"

"அழுக்கால இல்லம்மா. ஈரத்தால."

அந்த ரூம்லயே உக்காந்து அழுதேன். பின்னாடி ஆள் நிக்குது எழுந்திருங்கன்னு நர்ஸ் சொல்ற வரைக்கும் அழுதேன்.

அப்பறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. கோடவுன்தான் என் கையில இருக்கே, இஸ்திரிப் பெட்டியும் இருக்கே! பானு பாவாடைங்கள பையில சுருட்டிக் கொண்டு வருவா, நான் ஆவி பறக்கப் பறக்க தேய்ச்சுக் குடுப்பேன். நாடாகிட்ட ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர் நூல்ல தையல் போட்டோம், மாறக்கூடாதுன்னு. லீவு நாள்ல ரெண்டு ரெண்டு பேரா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ட்யூப குப்பையில போட்டாச்சு. மொதல்ல கொஞ்ச நாள் அதிகமாத்தான் ஆச்சு, பல்லக் கடிச்சுகிட்டு இருந்தோம். மூணாவது மாசம் பதினாறு பேருக்கும் போயிடுச்சு.

பதினேழாவது ஆளுக்குப் போகல. பானுதான் வந்து சொன்னா.

"அக்காவுக்கும் இருக்குடி. குளிச்சிட்டு வர்றப்ப பாத்தேன். இடுப்பச் சுத்தி வளையம் வளையமா, கருகருன்னு. இன்னும் அந்த ட்யூபத்தான் தடவுறாங்க. நம்மளவிட பழசு போல."

"இருக்கட்டும்."

"சர்க்கரை வேற. சொல்லிடலாம்டி, பாவம்."

"சொன்னேன்னா என் மூஞ்சியில முழிக்காத." அவ கையப் பிடிச்சு என் தலையில வெச்சு சத்தியம் வாங்கினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பொய் சொல்லல, பண்டிகை மாதிரி இருந்துச்சு. இடுப்புல அதையே வெச்சுகிட்டு என்ன குளிக்காதவன்னு சொன்னியா? தனித் தட்டு வெச்சியா? தடவு, நல்லா தடவு.

ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும். ஒரு மத்தியானம் அக்கா கோடவுனுக்கு வந்தாங்க. கதவச் சாத்தினாங்க. என் மணிக்கட்டப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. தோல் பளிச்சுனு இருந்துச்சு.

"உனக்கு எப்படிடி போச்சு?"

"ஏன்க்கா?"

"சும்மா கேட்டேன். எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்குக் கீது."

அப்பவும் சொந்தக்காரப் பொண்ணு! எனக்குன்னு சொல்ல வாய் வரல பாருங்க. எனக்குன்னு சொல்லியிருந்தா ஒருவேள நான் உண்மையச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அது சும்மா, இப்ப சொல்லிக்கறது. என் வாயில வந்தது வேற.

"மயிலாப்பூர்ல ஒரு அம்மன் கோயில்ல வேண்டிகிட்டேன்க்கா. உப்பும் மிளகும் போடணும். ஒன்பது வெள்ளிக்கிழமை."

"அவ்ளோதானா?"

உப்பு மிளகு எல்லாரும் போடறதுதான், அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல. அத்தோட நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தல. "விடிகாலையில தலையோட தண்ணி ஊத்திகிட்டு, ஈரப் புடவையோட ஒன்பது சுத்து சுத்தணும்க்கா. அந்த ஈரம் உடம்புலயே காயணும். மாத்தினா பலிக்காது."

எது ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்களோ, அத அப்படியே வேண்டுதலா மாத்திக் குடுத்தேன். அவங்க ஒரு வார்த்த சந்தேகப்படல. ஈரப் புடவையோட சுத்தாத சாமி எங்க இருக்கு நம்ம ஊர்ல?

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போனாங்க. வெறுங்கால்ல, ஈரத் தரையில. கடைக்கு வரணுமே, ஈரப் புடவை யார் கண்ணுலயாவது பட்டா? அதனால மேல புடவைய மட்டும் மாத்திகிட்டு, உள்ள அதே ஈரப் பாவாடையோட வருவாங்க. சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிப்பாங்க. பானு வந்து வந்து சொல்லுவா, இன்னைக்கு அக்கா நடக்கறதே ஒரு மாதிரி இருக்கு, இன்னைக்குச் செருப்புப் போட முடியல. நான் இஸ்திரி போட்டுகிட்டே கேட்டுப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிகிட்டு இருந்தேன். அஞ்சாவது வாரம் பானு, "நீ மனுஷியே இல்லடி"ன்னுட்டுப் போனவ, அதுக்கப்பறம் என்கூட பேசல. என்கிட்ட பண்ணின சத்தியத்த மட்டும் மீறல.

ஏழாவது வெள்ளிக்கிழமை கால் தூண் மாதிரி வீங்கி, காய்ச்சல்ல படியிலயே உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. கூட ஒரு ஆள் இருக்கணும். மாடியில ஆள எடுக்க முடியாது, கோடவுன்ல இருக்கறவள அனுப்புன்னு முதலாளி சொல்லிட்டார். ஃப்ளாஸ்க்க எடுத்துகிட்டு நான்தான் போனேன்.

டாக்டர் வந்து பாத்தார். விரல் இடுக்கு பூரா சேத்துப்புண், அதுல வெடிச்சு சீழ் பிடிச்சு காலுக்கு ஏறியிருக்கு. இடுப்பு, வயித்து மடிப்பு எல்லாம் படை. சர்க்கரை தாறுமாறா நிக்குது. எப்படிம்மா இவ்வளவு ஆச்சுன்னு துருவித் துருவிக் கேட்டு வேண்டுதல வாங்கிட்டார். தலையில அடிச்சுகிட்டார். "காலே போயிருக்கும், தெரியுமா? சர்க்கரைய வெச்சுகிட்டு ஈரத் துணியோட யாரு உங்கள சுத்தச் சொன்னது?"

நான் அங்கதான் நிக்கறேன். அக்கா என்னப் பாக்கக்கூட இல்ல.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் வேண்டிக்கினேன்."

அவர் போனதும் அக்கா கூரையப் பாத்துகிட்டே சொன்னாங்க, "ஈரம் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி?"

"எங்கம்மாகிட்ட நீங்க சொன்னீங்கல்ல."

நான் என் போன்ல அம்மா நம்பரப் போட்டு, ஸ்பீக்கர் போட்டு, அவங்க கையில குடுத்தேன். "சொல்லுங்க"ன்னேன். கெஞ்சற மாதிரி பாத்தாங்க. "இப்ப சொல்லணும்"ன்னேன். அந்தப் பார்வைக்கு நான் இரங்கல, இத நல்லா எழுதி வெச்சுக்கோங்க.

அம்மா எடுத்தா. அக்கா தொண்டையச் செருமிகிட்டாங்க. "அம்மா, கடையில இருந்து சூப்பர்வைசர் பேசறேன். உங்க பொண்ணப் பத்தி அன்னிக்கு நான் சொன்னது பொய்யிம்மா. கெட்ட சகவாசம் ஒண்ணும் கிடையாது. இது ஈரத்தால வர்றது. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. ரெண்டு வருசமா யாருக்கும் தெரியாம மறைச்சுகினு கீறேன். பாவாடை எல்லாம் ஒண்ணாதான் கெடக்கும். என்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போயிருக்கும்."

வார்டுல பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவங்க மூஞ்சிய மூடிக்கல, குரலக்கூட தாழ்த்தல. இதுக்குத்தானே இத்தனை மாசம் கறுவிகிட்டு இருந்தேன். அம்மா இப்ப என்கிட்ட போனக் குடுக்கச் சொல்லுவா, அழுவா, ஏட்டி மன்னிச்சிரு, என்ன வார்த்த கேட்டுட்டேன்னு சொல்லுவா. நான் போனுக்குக் கை நீட்டினேன்.

அந்தப் பக்கத்துல இருந்து எங்கம்மா, "அட பாவமே, ரெண்டு வருசமாவா? மருந்து போடுதீங்களாம்மா? இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டா.

அக்கா போன ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டு ஓன்னு அழுதாங்க. அம்மா ஏதேதோ ஆறுதல் சொன்னா. அந்தக் கேள்விய அன்னைக்கு என்கிட்ட கேட்டிருந்தா எனக்குப் போதும். மருந்து போடுதியான்னு ஒரு வார்த்த. நான் நீட்டின கையோட நின்னேன். அவங்க ரெண்டு பேரும் பேசிகிட்டே இருந்தாங்க. பேசி முடிச்சு போன வெக்கற வரைக்கும், ரெண்டு பேரும் என்னக் கூப்பிடல.